ஒன்றாம் இலக்கத் தட்டு

எனக்குச் சுத்தப் பைத்தியம் என்று என் கணவர் ஹஸீப் சொல்வார். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு அந்தப் பைத்தியம் இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று நானும் விடாமல் திருப்பிக் கொடுப்பேன். பதினொரு வருடமாக இந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். இப்போது கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்ட்டில், ஆறு வயது மகள் அம்றாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவளுடைய கால்கள் இரண்டும் அசைவதில்லை. இது எங்கே தொடங்கியது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

மாத்தளை டவுனில் டொக்டர் விஜேந்திரனின் மிருக வைத்திய நிலையம் இருக்கிறது. முன்னறையில் அவர் நாய்க்கும் ஆட்டுக்கும் ஊசி போடுவார். பின்னறை ஆய்வுகூடம். அது என் ராச்சியம். செருப்போடு உள்ளே வந்ததற்காக ஒருமுறை டொக்டரையே வெளியே அனுப்பியிருக்கிறேன். "சரிங்க நிப்லா மேடம்" என்று சிரித்துக்கொண்டே போய்க் கழற்றிவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பை எனக்குக் கிடைத்த பட்டமாக எடுத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன்.

போன மாதம் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அங்கே பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், நான்கு குழந்தைகளுக்கு இரத்தத்தோடு வயிற்றோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்களும் பூனைகளும் மடுவத்து வாசலிலேயே விழுந்து கிடக்கின்றன, அவற்றின் குடலில் ஏதும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் நிமலன் கேட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, பஞ்சுக் குச்சிகளும் குழாய்களும் அடைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் டொக்டரும் மேலே போனோம்.

போகும் வழியில் டொக்டர் சொன்னார். "லயத்துப் பிராணிங்களோட, நல்ல சுகமா இருக்கிற ஒரு வீட்டுப் பிராணியையும் சேர்த்துக்குவோம் நிப்லா. ஒப்பிட்டுப் பார்க்க உதவும்."

"எங்கட சீனி ஈக்கு டொக்டர்" என்றேன். சீனி எங்கள் வீட்டில் இருக்கும் வெள்ளைப் பூனை. "வாசல் தாண்டாது. கழுவின பீங்கான் மாதிரி ஈக்கும்."

"வீட்டுல வளர்றதால ஒண்ணும் இருக்காதுன்னு சொல்ல முடியாது. பார்ப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. தோட்டம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லயத்தில் பதினொரு பிராணிகள் கிடைத்தன. ஒன்பது நாய், இரண்டு பூனை. டொக்டர் பிடித்துக்கொள்ள நான் ஒவ்வொன்றின் மலவாயிலிருந்தும் இரண்டு குச்சி எடுத்தேன். ஒன்று உடனே சோதிக்க, மற்றது உறைபெட்டியில் வைக்க. முதலில் வந்தது கலு என்ற கறுப்பு நாய். அதன் சொந்தக்காரி காத்தாயி, முப்பது வயதுக் கொழுந்துக்காரி. அவளுடைய இரண்டு வயது மகனும் வயிற்றோட்டம் வந்த நால்வரில் ஒருவன். கலு தினமும் காலையில் அந்தப் பையனோடு மடுவம்வரை நடந்து போய், அவள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை வாசலிலேயே படுத்திருக்குமாம். அதனால் நிமலனுக்கு அந்த நாய்மேல்தான் முதல் கண்.

காத்தாயி நாயின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "ஏதாச்சும் இருந்தா இத என்னா செய்வீங்க மிஸ்?"

"மருந்து குடுப்போம் அக்கா. வேற ஒண்டும் செய்ய மாட்டோம்."

"நெசமாவா?"

"நான்தானே சொல்றேன்."

நான் குழாயை மூடும்போது கலு எட்டி, என் கையுறைக்கு மேலே, மணிக்கட்டில் ஒரு நக்கு நக்கியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். காத்தாயி அதைப் பார்த்தாள். நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாயின் எச்சில் பட்டால் எங்கள் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கத்துப் பைப்படிக்குப் போனேன். நாய் பிடிக்கும் வேலை வருகிற நாட்களில் இது வழக்கம்தான். மிளகுக் கொடியடியில் மண் எடுத்து வைப்பது அம்றாவின் பொறுப்பு. எண்ணுவதும் அவள்தான். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், அவள் ஒரு விரலை உயர்த்தி வைத்துக்கொண்டு எண்ணுவாள்.

"ஒண்டு... ரெண்டு... உம்மா, முழங்கை வரைக்கும் உரசுங்க... மூணு..."

அன்றைக்கும் ஏழு முடிந்ததும் "கபூல்!" என்று ஏதோ நிக்காஹ் வைத்தவள்போலக் கத்தினாள். ஏற்றுக்கொண்டேன் என்கிற அந்தச் சொல்லை எங்கே பிடித்தாளோ, எண்ணி முடித்தால் அதைத்தான் சொல்வாள். அப்போது சீனி வந்து என் ஈரக் கையில் முகத்தை உரசியது. நான் கழுவவில்லை. பூனைக்கு அந்தச் சட்டம் இல்லை. வீட்டுக்குள் நம்மைச் சுற்றித் திரிகிற உயிர், அதன் வாய் பட்ட தண்ணீரில்கூட கைகால் கழுவித் தொழுகைக்கு வுளூ செய்யலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. அது தொழுகைக்கான சுத்தம். அதைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்து மேசையில் வைத்தவள் நான்.

ஹஸீபுக்கு டவுனில் ஏலம், கராம்பு, மிளகு வாங்கி விற்கும் கடை. பக்கத்துக் கடை கோழிக் கடை. கோழி வெட்டும்போது மிஞ்சும் கழுத்து, ஈரல், தோல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுச் சீனிக்கென்று கொண்டுவருவார். வேகவைத்தால் சீனி தொடாது. பச்சையாகத்தான் வேண்டும், அதுவும் அம்றா விரலால் எடுத்து ஊட்ட வேண்டும். ஊட்டி முடிந்ததும் பூனை அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கும், அவள் கூச்சத்தில் சிரிப்பாள். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சுத்தப் பைத்தியம் பிடித்த நான்.

அன்றே சீனியிடமும் இரண்டு குச்சி எடுத்தேன். அம்றாதான் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. டொக்டர் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். ஆய்வுகூடத்தில் நான் மட்டும். நாங்கள் தேடியது கம்பைலோபக்டர் என்ற கிருமி. நாய், பூனை, கோழி எல்லாவற்றின் குடலிலும் சத்தமில்லாமல் இருக்கும். அந்தப் பிராணிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மனிதருக்குள் போனால்தான் வேலையைக் காட்டும். அதை வளர்க்கக் கரித்தூள் கலந்த கறுப்புத் தட்டு வேண்டும். உள்ளங்கை அளவு. நிறையக் காற்று இருந்தால் செத்துவிடும், காற்றே இல்லாவிட்டாலும் செத்துவிடும். பெரிய ஆய்வுகூடங்களில் அதற்கென்று வாயுப் பொட்டலம் வைத்திருப்பார்கள். எங்களிடம் இருப்பது கண்ணாடி ஜாடியும் மெழுகுதிரியும். தட்டுகளை அடுக்கி, மேலே திரியைக் கொளுத்தி மூடியை இறுக்கினால், சுடர் உள்ளே இருக்கும் காற்றைத் தின்று தானாக அணைந்துவிடும். மிஞ்சுகிற காற்று அந்தக் கிருமிக்குக் கணக்காக இருக்கும். அந்தச் சுடர் சிறுத்துச் சிறுத்துப் போவதை அதுவரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் பயந்ததில்லை.

மாதிரிகளைக் கையாளுவதற்கு ஒரு முறை உண்டு. சுத்தமானதை முதலில், அழுக்கானதைக் கடைசியில். சீனியின் குச்சியை ஒன்றாம் இலக்கத் தட்டில் உருட்டினேன். அடுத்து இரண்டாம் தட்டுக்குக் கலுவின் குச்சியை எடுத்தேன். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாற்றினேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மாற்றினேன். பன்னிரண்டுவரை அப்படியே மாற்றினேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாற்றவில்லை. மறதி இல்லை. எங்கள் சீனிதானே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

வியாழக்கிழமை காலை ஜாடியைத் திறந்தேன். மூன்றிலிருந்து பன்னிரண்டுவரை எல்லாம் வெறும் கறுப்பு. இரண்டாம் தட்டில், கலுவின் தட்டில், சாம்பல் நிறத்தில் நான்கு புள்ளி. ஒன்றாம் தட்டில் அந்தச் சாம்பல் நிறம் தண்ணீர் சிந்தினதுபோலத் தட்டு முழுக்கப் பரவியிருந்தது.

மூடியை மூடினேன். திரும்பவும் இலக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். இரண்டிலிருந்தும் எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். வளைந்து வளைந்து சின்னச் சின்னதாக, இரண்டிலும் அதே கிருமி.

மனித மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று அன்றுதான் கண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கலுவின் தட்டுக்கு மேலேதான் சீனியின் தட்டு இருந்தது, ஈரம் கசிந்து ஏறியிருக்கும் என்று முடிவு செய்தேன். கீழே இருப்பது மேலே எப்படிக் கசியும் என்று என்னை நானே கேட்கவில்லை. நாலு புள்ளி இருக்கும் தட்டிலிருந்து நிறைந்து வழியும் தட்டுக்கு எப்படித் தொற்றும் என்றும் கேட்கவில்லை. வேறு யாராவது எனக்குக் கீழே வேலை செய்து அப்படி ஒரு விளக்கம் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: "தட்டு 1. மாசடைந்தது. நீக்கப்பட்டது." தட்டை ஆவிச் சட்டியில் போட்டுக் கிருமி சாக அவித்தேன்.

மத்தியானம் டொக்டர் கொழும்பிலிருந்து அழைத்தார். "என்னா நிலவரம்?"

"கலு மட்டும் பொசிட்டிவ் டொக்டர்."

"ஒப்பீட்டுக்குப் போட்டது சரியா இருக்கா?"

"சரியா ஈக்கு" என்றேன்.

பொய்தான். பூனையைக் காப்பாற்றச் சொன்ன பொய்யில்லை. என் வீட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் தோட்டத்துக்குப் போனது. நாயை அழிக்க வேண்டியதில்லை, மருந்து கொடுத்துக் கொஞ்ச நாள் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைத்தால் போதும் என்று கீழே தெளிவாக எழுதியிருந்தேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்றாவுக்கு வயிறு கலங்கியது. முதலில் சாதாரணமாகத்தான் தொடங்கியது. மறுநாள் காய்ச்சலும் வந்தது, மலத்தில் நூல்போல இரத்தம். பள்ளிக்கூட வாசலில் விற்கும் அம்பரெல்லாக்காய் அச்சாறுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அச்சாறு விற்கும் மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஜீவனி உப்புத்தூள் கரைத்துக் கொடுத்தேன், கஞ்சி கொடுத்தேன்.

ஹஸீப் ஒருதரம் கேட்டார். "நீங்க நாய் புடிச்ச கையால புள்ளையத் தொட்டீங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏழு தரம் கழுவினேன்! உங்கட மகள்தான் எண்ணினா, அவளையே கேளுங்க!"

அவர் அதோடு கடைக்குப் போய்விட்டார். ஒரு பஞ்சுக் குச்சி போதும். அம்றாவிடமிருந்து ஒரே ஒரு குச்சி எடுத்துக்கொண்டு போய், நான் தினமும் செய்கிற வேலையை ஒருதரம் அவளுக்காகச் செய்திருந்தால் போதும். நான் எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது என்று இப்போது சொல்ல முடியும். அப்போது நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்த நாட்கள் முழுக்கச் சீனி அவள் கால்மாட்டில் சுருண்டு படுத்திருந்தது. "பாருங்க, புள்ளைய விட்டுப் போறதே இல்ல" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சுகமாகிவிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காத்தாயி வந்தாள். வேலைக்குப் போகாமல், எல்கடுவயிலிருந்து பஸ் ஏறி, மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். நான் சொல்லித்தான் எல்லோரும் கழற்றுவார்கள். அவள் யாரும் சொல்லாமலே கழற்றினாள்.

"மடுவத்துல இன்னும் ரெண்டு புள்ளைக்கு வந்திருச்சு மிஸ்" என்றாள். "நாய் போயி ரெண்டு வாரமாச்சு. வயித்தால போறது நிக்கல."

"நாய் எங்க போச்சு?"

"தெரியாதா உங்களுக்கு? ரிப்போட்டு வந்த மறுநாளே கொழுந்து லொறியில ஏத்திட்டுப் போயி ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் எறக்கிவிட்டுட்டாங்க. நாலு அடி தள்ளி ஆளத் தெரியாத பனியாம். லொறி பின்னாலயே ரொம்ப தூரம் ஓடி வந்துச்சாம். டிரைவரு சொன்னாரு."

நான் பேச வாயெடுத்தேன். ரிப்போர்ட்டில் அப்படி எழுதவில்லையே என்று சொல்லப் போனேன். முதல் வரியில் பொசிட்டிவ் என்று இருந்தால் கீழே இருப்பதை யார் வாசிப்பார்கள்?

"மருந்து குடுப்போம்னு சொன்னீங்க" என்றாள் காத்தாயி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். "இவன் காலையில எந்திரிச்சா கலு, கலுன்னுதான் கூப்புடுறான். எங்க நாய்தானான்னு இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க மிஸ்."

"நாய் இல்லாம எப்பிடி அக்கா பார்க்கிற?"

"அன்னிக்கு ரெண்டு குச்சி எடுத்தீங்களே. ஒண்ண ஐஸ் பெட்டியில வைக்கப் போறதா அய்யாகிட்ட சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

டொக்டர் முன்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் அவர் விரல் நின்றது.

"ஒப்பீட்டுக்குப் போட்டது சரியா இருக்குன்னு சொன்னீங்க."

நான் தரையைப் பார்த்தேன். என் தரை, நானே தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கிற தரை.

"ரெண்டையும் இப்பவே திரும்பப் போடுங்க" என்றார். "ஒவ்வொண்ணுக்கும் கையுறை மாத்துங்க." அதட்டவில்லை. யாருக்கும் சொல்கிற சாதாரண வார்த்தைதான். அவர் அதைச் சொன்ன அந்த நொடியில், அந்தச் செவ்வாய்க்கிழமை கலுவின் குழாயைத் திறந்த என் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. சீனியின் குச்சியைப் பிடித்திருந்த அதே கையுறை.

இரண்டு தட்டு மட்டும்தான். திரியைக் கொளுத்தி மூடியை இறுக்கினேன். சுடர் சிறுத்தது, நீலமானது, அணைந்தது. மூடியிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றேன்.

நாற்பத்தெட்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அன்று வீட்டுக்குப் போனதும் சீனியைப் பின்பக்கத்து விறகுக் கொட்டிலில் அடைத்தேன். அம்றா ஏன் என்று கேட்டு அழுதாள். பூனைக்குச் சளி என்றேன். அவளுக்கு எப்போதோ சுகமாகிவிட்டதே, இனி என்ன வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே படித்தது ஒன்று மனதின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தது. அந்தக் கிருமி போன பிறகு, இரண்டு வாரம் கழித்து, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது. அதை நான் உள்ளே விடவில்லை.

புதன்கிழமை காலை அம்றா பாத்ரூமிலிருந்து வரும்போது ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. அவள் அது தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"செருப்பு எங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டுப் போனாள். "கழண்டு கழண்டு போகுது உம்மா. காலுக்குள்ள ஊசி குத்துற மாதிரி ஈக்கு."

"ஒழுங்காக் காலைத் தூக்கி நட" என்றேன். சப்பாத்தை மாட்டி, லேஸை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டேன். படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாளும் பிடிக்காதவள்.

அன்று பின்னேரம்வரை காத்திருக்க முடியவில்லை. ஒரு மணிக்கே ஜாடியைத் திறந்தேன். டொக்டர் பக்கத்தில் நின்றார். கலுவின் தட்டு வெறும் கறுப்பு. ஒரு புள்ளிகூட இல்லை. சீனியின் தட்டு முழுக்கச் சாம்பல்.

"நாய்க்கு ஒண்ணும் இருக்கல" என்றார் டொக்டர் மெதுவாக. "மடுவத்துத் தண்ணி டேங்கத்தான் பார்த்திருக்கணும். நிமலன்கிட்ட இப்பவே பேசுறேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நிப்லா, வீட்டுல புள்ளைக்கு ஏதும்..."

என் தொலைபேசி அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. அம்றா மாடிப்படியில் விழுந்துவிட்டாள், அடி ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள் என்றார் ஆசிரியை. "அடம்புடிக்கிறா போல ஈக்கு. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

அவள் அடம்பிடிக்கவில்லை.

மாத்தளையில் பார்த்துவிட்டு உடனே கண்டிக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் அம்றா என் மடியில் கிடந்து, "உம்மா, என்ட கால் எங்க?" என்று கேட்டாள். நான் அவள் பாதத்தைப் பிடித்து அழுத்தி, "இந்தா ஈக்கு" என்றேன். "நீங்க தொடுறது எனக்கு வெளங்கவே இல்ல" என்றாள்.

வார்ட்டில் டொக்டர் ஸஹ்னா என்ற இளம் பெண்தான் அவளைப் பார்த்தார். சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மற்றதிலும் தட்டினார். பிறகு என்னையும் கடையிலிருந்து ஓடிவந்த ஹஸீபையும் ஜன்னலோரம் கூட்டிப்போனார்.

"ரெண்டு மூணு கிழமைக்கு முன்ன வயித்தோட்டம் ஏதும் வந்ததா?"

"வந்துச்சு" என்றார் ஹஸீப். "பள்ளிக்கூட அச்சாறு."

"வீட்டுல பிராணிகள் ஏதும் வளர்க்கிறீங்களா?"

"ஒரு பூனை மட்டும்தான் டொக்டர். அதுல ஒரு பிரச்சினையும் இல்ல." எனக்குத் துணை நிற்கிறோம் என்ற நினைப்பில் அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்க லெப்லதான் வேலை. இவங்களே சோதிச்சுப் பார்த்தாங்க. சுத்தம்."

ஸஹ்னா என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் போதும், இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். என்னிடம் அதற்குக்கூடத் தெம்பு இருக்கவில்லை.

"சுத்தம் இல்ல" என்றேன். "முதல் தடவையே தட்டுல வந்துச்சு. நான்தான் அதைப் புத்தகத்துல வெட்டினேன். வெட்டிட்டு ஒரு நாயில பழியப் போட்டேன். இவளுக்கு வயித்தோட்டம் வாரதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னமே எனக்குத் தெரியும்."

ஹஸீப் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை.

கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்கிய படை, ஆள் தெரியாமல் தன் நரம்புகளையே தாக்குகிறது என்று ஸஹ்னா விளங்கப்படுத்தினார். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். பலருக்கு இடுப்போடு நின்றுவிடும், மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுகம் வரும். சிலருக்கு நெஞ்சுவரை ஏறும். ஏறினால் மூச்சு விட இயந்திரம் வைக்க வேண்டும். இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பூனையால்தான் வந்தது என்று யாராலும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது என்றும் சொன்னார். நல்ல மனசு. எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த வியாழக்கிழமை என் கண் முன்னால் இருந்த தட்டை நான் நம்பியிருந்தால், அன்றைக்கே பூனையைப் பிள்ளையிடமிருந்து விலக்கியிருப்பேன். அதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

டொக்டர் விஜேந்திரன் நேற்று வந்திருந்தார். மடுவத்துத் தண்ணீர் டேங்கில்தான் அழுக்குக் கலந்திருக்கிறது. திருத்துகிறார்களாம். காத்தாயி இரண்டு ஞாயிறாக ரிவர்ஸ்டன் பக்கம் போய்க் கலுவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கிடைக்கவில்லை. அவளிடம் என் மகளைப் பற்றிச் சொன்னாராம். "அந்தப் புள்ளைக்கு நல்லாகணும்னு சாமிய கும்புட்டுக்கிறேன்னு சொல்லுங்க" என்றாளாம். அதைக் கேட்டுத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

நெஞ்சுவரை ஏறுகிறதா என்று பார்க்க இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பிள்ளையிடம் ஒரே மூச்சில், நடுவில் மூச்சு இழுக்காமல், எண்ணச் சொல்வார்கள். எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வந்த அன்று அம்றா பத்தொன்பதுவரை எண்ணினாள். கெட்டிக்காரி என்று ஸஹ்னா கன்னத்தைத் தட்டினார். நேற்றுக் காலை பதினாலு. நேற்றுப் பின்னேரம் பதினொன்று.

இப்போது ஸஹ்னா திரும்பவும் வந்திருக்கிறார். கூடவே ஒரு தாதி, கையில் அட்டையும் பேனாவும். அம்றா என்னைத்தான் பார்க்கிறாள். பைப்படியில் எண்ணுவதற்கு முன்னால் பார்க்கிற அதே பார்வை. விரலை உயர்த்தப் பார்க்கிறாள், விரல் எழும்பவில்லை. பைப்படியில் நீட்டுவதுபோல இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"ஒண்டு" என்கிறாள். "ரெண்டு. மூணு. நாலு."

சத்தம் தேய்கிறது. தாதி பேனாவைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"அஞ்சு."

உதடு மட்டும் அசைகிறது. ஆறு என்று நினைக்கிறேன்.

ஸஹ்னா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே, தாதியைத் திரும்பிப் பார்க்காமல், "ஐ.சி.யூ. எகட்ட கியன்ன" என்கிறார். தீவிர சிகிச்சைக்குச் சொல்லச் சொல்கிறார். நான் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். ஏழு வரவில்லை.